ஒரு துண்டு குறைவாக

கைகள் கறுப்பு அரிசியைக் களைந்துகொண்டிருந்தன. முதல் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. அதைக் கொட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, விரல்களை அகல விரித்து, மணி நொறுங்காதபடி ஒரே பக்கமாகச் சுழற்றின. இரண்டாம் தண்ணீர் கொஞ்சம் வெளுத்தது. மூன்றாவது தண்ணீரை அந்தக் கைகள் கொட்டவில்லை. அரிசி ராத்திரி முழுக்க ஊற வேண்டிய தண்ணீர் அது. அதையும் கொட்டினால் நிறத்தோடு வாசமும் போய்விடும். நகக்கண்ணிலும் உள்ளங்கை ரேகையிலும் நாவல்பழம் தின்ற கறை ஏறியிருந்தது. கைகள் அதைத் துடைக்க முயலவில்லை.

பக்கத்துத் திட்டில் ஒரு கண்ணாடித் தட்டு கிடந்தது. வட்டமானது, விளிம்பு அலையலையாக மடிந்தது. மெஸ்ஸில் இருக்கும் மற்ற பாத்திரங்கள் எல்லாம் அலுமினியமும் எவர்சில்வரும். இது மட்டும் வெளியிலிருந்து வந்தது என்று பார்த்தாலே தெரியும். தேவைக்கு மேல் எத்தனையோ தரம் கழுவப்பட்டு, வெளிச்சம் பட்டால் கண் கூசும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

"ண்ணே, இன்னிக்கும் அதக் கழுவுனீகளா? கண்ணாடி தேஞ்சு போயிறப் போகுது" என்றான் பாண்டித்துரை, வாசலில் நின்றபடி. கமுதிப் பக்கத்துப் பையன், கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவன். வழக்கமாக இப்படிச் சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

"போய் உன் சோலியப் பாருப்பா" என்றார் ராக்கப்பன். அரிசிப் பாத்திரத்தை மூடி, ஏசியின் காற்று படாத மூலையில் வைத்தார்.

தோஹா தொழில்பேட்டையில், ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் கேம்ப்களில் ஒன்றில் ராக்கப்பன் மெஸ் மாஸ்டர். ஊர் தேவகோட்டைப் பக்கம். சமையலை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கல்யாண வீடுகளில் தண்ணீர் சுமக்கவும் வெங்காயம் உரிக்கவும் நின்ற காலத்தில், பெரிய மாஸ்டர்களின் கையைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அவர்கள் செய்ததில் எதையும் அவர் விட்டுவிடவில்லை. ருசி பார்க்க நாக்கில் ஒரு சொட்டு வைக்க மாட்டார். உப்பை வாசத்தில் பிடிப்பார், குழம்பு வற்றியதைக் கொதிக்கும் சத்தத்தில் பிடிப்பார். சாப்பிட வருகிறவன் இலையில் விழும் முன்னால் பண்டத்தில் ஒரு விரல் படக் கூடாது. பட்டால் அது எச்சில். கேம்ப்பில் இலை கிடையாது, எவர்சில்வர் தட்டுதான். ஆனாலும் அந்தக் கணக்கு மாறவில்லை.

டென்னிஸ் சார் இந்த மெஸ்ஸுக்கு வந்தது ரசத்தின் வாசத்தைப் பிடித்துக்கொண்டுதான். அமெரிக்கர், அறுபதை நெருங்கியவர். உயரத்தில் வேலை செய்கிறவர்கள் பெல்ட் மாட்டுவது எப்படி, விழாமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் சேஃப்டி டிரெயினர். ஒரு மத்தியானம் கேம்ப்பில் வகுப்பு முடிந்து, காகிதத்தில் சுற்றிய தன் சாண்ட்விச்சைக் கையில் பிடித்து நடந்துகொண்டே கடித்தவர், மெஸ் ஜன்னலோரம் வந்ததும் நின்றுவிட்டார். பிறகு சாண்ட்விச்சைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, தட்டை எடுத்து, பையன்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். அன்று முதல் கேம்ப்பில் வகுப்பு இருக்கும் நாளெல்லாம் அவருக்கு இங்கேதான் சாப்பாடு.

அவர் சாப்பிடுவதை மெஸ்ஸே வேடிக்கை பார்த்தது. தண்ணீரில் ஐஸ் வேண்டும், டிசம்பர் குளிரிலும் வேண்டும். சோற்றைக் கரண்டியால் தொடுவதற்கு முன் குனிந்து மூக்கால் முகர்ந்து, "ம்ம்ம்" என்பார். வீட்டில் அப்படிச் செய்தால் சோறு போட்டவள் கரண்டியைத் தூக்கி எறிவாள். காரத்தில் மூக்கு ஒழுகினால் உட்கார்ந்த இடத்திலேயே கைக்குட்டையை விரித்துச் சத்தமாகச் சீந்துவார். எதிரில் இருப்பவன் கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பான். இடது கையால் அப்பளத்தை எடுத்து, பிரியமாக அடுத்தவன் தட்டில் வைப்பார். மேலாக, ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு தேங்க்யூ. சோற்றுக்கு ஒன்று, கூட்டுக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. ராக்கப்பனுக்கு அதுதான் கூச்சமாக இருந்தது.

"சோறு போடுறவனுக்குப் போயித் தேங்க்ஸா? நம்ம வீட்டுல யாருப்பா பொண்டாட்டிக்குத் தேங்க்ஸ் சொல்லிக்கிட்டுச் சாப்புடுறா?"

"அதேன் நமக்கெல்லாம் சோத்தோட திட்டும் சேந்து விழுகுது" என்றான் பாண்டித்துரை.

ராக்கப்பனும் அவரைப் படுத்தினார், தெரியாமல்தான். போதும் என்று டென்னிஸ் சொல்வார். முதல் தடவை போதும் என்பது மரியாதைக்குச் சொல்வது என்று ராக்கப்பன் இன்னொரு கரண்டி வைப்பார். தட்டில் மிச்சம் வைப்பது தப்பு என்று வளர்ந்தவர் டென்னிஸ். கஷ்டப்பட்டு வழித்துச் சாப்பிடுவார். தட்டு காலியாக இருப்பதைப் பார்த்தால் ராக்கப்பனுக்குக் கை சும்மா இருக்காது, மறுபடி போடுவார். ஒருவர் நிறுத்தினால்தான் மற்றவர் நிறுத்த முடியும் என்பது இருவருக்கும் தெரியவில்லை. ஒருநாள் டென்னிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்ட பிறகுதான் பாண்டித்துரை போய், "சார், வாயால நோ சொன்னா மாஸ்டருக்குக் காது கேக்காது. இப்புடி" என்று தட்டின்மேல் கையை விரித்து மறைத்துக் காட்டினான். அதிலிருந்து ராக்கப்பன் வாளியோடு வருவதைத் தூரத்தில் பார்த்தாலே டென்னிஸ் இரண்டு கைகளையும் தட்டின்மேல் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பார். ராக்கப்பன் விரல் இடுக்கு வழியாக ஒரு அப்பளத்தையாவது சொருகாமல் போகமாட்டார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

நவம்பர் மாதம். வெள்ளிக்கிழமை கேம்ப்புக்கு லீவு. துணி துவைப்பும் முடிவெட்டும் ஊருக்குப் போன் பேசுவதுமாக இருக்கும். வகுப்பு இல்லாத நாளில் டென்னிஸ் வந்து நின்றது எல்லோருக்கும் ஆச்சரியம். கையில் இந்தக் கண்ணாடித் தட்டு, மேலே அலுமினியத் தாள் மூடியிருந்தது. நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் பண்டிகைச் சாப்பாடு, என் மனைவி செய்தது, இது உனக்காக எடுத்து வைத்தது என்று, ராக்கப்பனுக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். தட்டை நீட்டி, தோளில் லேசாகத் தட்டிவிட்டு, கார் நிற்கும் பக்கம் வேகமாக நடந்தார்.

ராக்கப்பன் தாளைத் திறந்தார். பையன்கள் சுற்றி நின்றார்கள். பழுப்பும் காவியுமான நிறத்தில் வட்டமாக ஒரு பண்டம். பட்டை கிராம்பு வாசம் அடித்தது.

"பரங்கிக்காய்ண்ணே! சாம்பார்ல போடுறத கேக்காக்கி, பிரியாணி மசாலாவப் போட்ருக்காய்ங்க" என்றான் பாண்டித்துரை. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவனே குனிந்து பார்த்தான். வட்டம் முழுதாக இல்லை. ஒரு பக்கம் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் உதிர்ந்த தூள், கத்தியின் கீறல். "அட! நேத்துத் தின்னது போக மிச்சம்ண்ணே இது. நாயிக்குப் போடவா நமக்குப் போடவான்னு யோசிச்சு இங்கிட்டு கொண்டாந்துருக்காப்ல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் ராக்கப்பனுக்கு அதிகமாகச் சுட்டது.

அவருக்கு அப்போது கண்ணில் வந்தது ஒரு தூக்குவாளி. கல்யாண மண்டபத்தின் பின்வாசல். கடைசிப் பந்தி எழுந்த பிறகு வெளியில் நிற்பவர்களின் பாத்திரங்களில் ஊற்றுவார்கள். அம்மா நீட்டிய தூக்குவாளியில் சாம்பாரும் பாயசமும் கூட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஊற்றியவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ராக்கப்பன். வாளிக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றுதான் அவர் சமையலுக்கே வந்தார். அந்தப் பக்கம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, இத்தனை பேர் பார்க்க, ஒருவர் மிச்சத்தை நீட்டிவிட்டுப் போகிறார். அதையும் இரண்டு கையாலும் வாங்கியாயிற்று.

அவர் தட்டை எடுத்துப்போய், கழிவு டிரம்மின்மேல் சாய்த்து, கரண்டியால் வழித்தார்.

வழிக்கும்போது கைக்குத் தெரிந்துவிட்டது. அடியில் இருந்த மாவு ஓடு ஈரம் இறங்காமல் மொறுமொறுவென்று உடைந்தது. மேலே இருந்த பரங்கிக்காய் மசியலில் ஒரு நார் இல்லை. யாரோ பொறுமையாகச் சல்லடையில் தேய்த்து இறக்கியிருக்கிறார்கள். விளிம்பு மடிப்பு ஒவ்வொன்றும் கட்டைவிரலால் அழுத்தியது. அவசரமாகச் செய்கிற கை இல்லை அது. இவ்வளவும் தெரிந்தும் அவர் கரண்டி நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காக அது போய்க்கொண்டே இருந்தது.

"ராக்கப்பன்?"

டென்னிஸ் வாசலில் நின்றார். கையில் ஒரு நீள டப்பா. பண்டத்தின்மேல் வைத்துச் சாப்பிடும் கிரீம். காரிலேயே மறந்துவிட்டு எடுத்து வந்திருக்கிறார். தட்டைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார். காது முதலில் சிவந்தது, பிறகு கழுத்து. "ஓ" என்றார். கொஞ்சம் கழித்து, "ஓகே. தட்ஸ் ஓகே" என்றார். டப்பாவோடு வந்தவர் அதே டப்பாவோடு திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு அவர் மெஸ்ஸுக்கு வரவில்லை. வகுப்பு நடந்தது. வகுப்பு முடிந்ததும் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டு ஜன்னலைத் தாண்டி நடந்து போவார். ராக்கப்பனைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். கோபம் எதுவும் அதில் இல்லை. கோபித்திருந்தால் தேவலை.

ராக்கப்பன் முதலில் வீறாப்பாகத்தான் இருந்தார். மத்தியானம் மெஸ் அடங்கிய பிறகு சாகிர் சாப்பிட வந்தபோது, நடந்ததை ஒரு வெற்றி மாதிரி சொன்னார். சாகிர் கேம்ப் பஸ் டிரைவர், கீழக்கரைக்காரன். டிரிப் முடிந்து அவன் வருவதற்குள் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். சட்டி அடியில் இருக்கும் குழம்பையும் தீய்ந்த சோற்றையும் அவனுக்கென்று எடுத்து வைப்பார். பக்கத்துப் பக்கத்து மாவட்டம் என்பதால் மாமா, மாப்பிள்ளை என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"கொட்டிட்டீகளா?" சாகிர் கவளத்தை நிறுத்தினான். "சோத்தக் கொட்டலாமா மாமா?"

"சோறா அது? மிச்சம் மாப்ள. தின்னது போகக் கொண்டாந்து குடுக்குறான். நான் என்ன கையேந்தியா நிக்கிறேன்?"

சாகிர் தன் தட்டைப் பார்த்தான். மீன் முள்ளும் தலையும் சட்டி அடிக் குழம்புமாக இருந்தது. "அப்ப நீங்க எனக்குத் தெனமும் எடுத்து வைக்கிறது என்ன மாமா? மொதப் பந்தியா?"

"ஏய், நீ நம்ம வீட்டு ஆளு. வேத்தாளுக்கா அடிச்சட்டிய எடுத்து வைப்பாக? வீட்டு ஆளுக்குத்தேன்…"

சொல்லி முடிக்கவில்லை. சாகிர் சிரித்துக்கொண்டே முள்ளை உறிஞ்சினான். "அந்த மனுசனும் அப்புடித்தேன் நெனச்சாரோ என்னமோ. யாரு கண்டா?" என்று கையைக் கழுவப் போய்விட்டான். அவன் சாதாரணமாகச் சொன்னது. ராக்கப்பன் அடுப்பை அணைக்கப் போனவர், எந்த அடுப்பு எரிகிறது என்று தெரியாமல் நின்றார்.

அதன்பிறகு மனசு நிலைகொள்ளவில்லை. அலமாரியில் அந்தத் தட்டு இருந்தது. காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். பக்கத்து வீட்டுக் கிண்ணமாக இருந்தாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் திரும்பப் போகும். என்ன போட்டுக் கொடுப்பது, என்ன முகத்தோடு கொடுப்பது என்று தெரியாமல் எடுத்து எடுத்துக் கழுவி வைத்தார்.

கௌரிசங்கர் டீக்கு வந்தபோது ராக்கப்பன் அவரிடம் மெல்லக் கேட்டார். சைட் இன்ஜினியர், திருச்சிக்காரர், அமெரிக்காவில் படித்துவிட்டு இங்கே வந்தவர்.

"சார், அந்த ஊர்ல… தின்னது போக இருக்குறத அடுத்தவுகளுக்குக் குடுப்பாகளா? சும்மா, ஒரு ஆளு கேட்டாப்ல."

கௌரிசங்கர் சிரித்தார். "லெஃப்ட்ஓவரா? அந்த வார்த்தை அங்க கேவலம் கெடயாதுண்ணே. நம்ம ஊர்ல மிச்சம்னா மூஞ்சி சுளிப்போம். அங்க நவம்பர்ல ஒரு பண்டிக வரும், தேங்க்ஸ்கிவிங். ராத்திரி விருந்து. விருந்தவிட மறுநாள் அந்த லெஃப்ட்ஓவருக்குத்தான் அடிச்சிக்குவாங்க. நான் படிக்கிறப்ப எங்க புரொபசர் வீட்டுக்குக் கூப்ட்டாங்க. கூட்டம் நெறைய. எல்லாரும் சாப்ட்டுட்டுக் கைய வீசிட்டுப் போனாங்க. அந்தம்மா தன் பிள்ளைகளுக்கும் எனக்கும் மட்டும் டப்பால கட்டிக் குடுத்தாங்க. ரூம்ல வந்து அழுதுட்டேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "ஏன்ண்ணே, டென்னிஸ் உங்களுக்கு பம்ப்கின் பைன்னு அந்தப் பரங்கிக்காய்ப் பண்டத்தக் கொண்டுவந்தாரே, அதுவா?"

ராக்கப்பன் துணியை எடுத்து அடுப்புத் திட்டைத் துடைத்தார்.

"நான் அவர்ட்ட கேட்டேன், மாஸ்டர் என்ன சொன்னார்னு. 'அவருக்குப் பிடிக்கல போல, எங்க ஊர் பண்டம் தித்திப்பு ஜாஸ்தி'ன்னார். அவர் ஒய்ஃப் அதுல ஒரே ஒரு துண்டுதான் வெட்ட விட்டாங்களாம். வெந்திருக்கா, நல்லா வந்திருக்கான்னு பாக்க. ருசி பாக்காம எப்படி இன்னொருத்தருக்குக் குடுக்குறதுன்னு. நல்லா இருக்குன்னதும் உடனே மூடிட்டாங்களாம். விருந்துக்கு வந்தவங்க கேட்டதுக்கு, இது டென்னிஸோட குக்குக்குன்னு சொல்லிட்டாங்களாம்."

டீ கிளாஸை வாங்கிக் கழுவப் போட்ட ராக்கப்பன் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைத் திறந்து வைத்தார். ருசி பார்க்காமல் கொடுப்பதுதான் மரியாதை என்று அவர் கை பழகியிருந்தது. ருசி பார்க்காமல் கொடுப்பதா என்று ஒரு பெண் அங்கே ஒரு துண்டை வெட்டியிருக்கிறாள். அந்த வெட்டைத்தான் அவர் எச்சில் என்று படித்தார். அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவமானப்பட்டவர் போய் இவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்: பிடிக்கவில்லை போல, தித்திப்பு ஜாஸ்தி. டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஞாயித்துக்கிழமையோட அவருக்கு இங்க முடியுதுண்ணே. சவூதில யான்புங்கிற ஊர்ல ரிஃபைனரி வேலை, அங்க போறார்" என்று சொல்லிவிட்டுக் கௌரிசங்கர் போனார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை ராக்கப்பன் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் சண்டை வந்தால் மறுநாள் காலையில் மனைவி கனகாவுக்குப் பிடித்த பணியாரம் ஊற்றுவார்; அவள் தின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அமெரிக்காக்காரருக்கு எதை ஊற்றுவது? லட்டு பிடிக்கலாமா என்று யோசித்தார். மைசூர்பாகு? எல்லாம் கடைப் பெட்டியில் கொடுப்பதுபோல் இருந்தது. கடைசியில் லீவிலிருந்து வரும்போது பொங்கலுக்கென்று பெட்டி அடியில் கொண்டுவந்திருந்த கறுப்புக் கவுனி அரிசியை எடுத்தார். அவர் ஊர்ப்பக்கத்தில் கல்யாணக் காலைப் பலகாரம் அதுதான். அந்த அரிசியைத்தான் சனிக்கிழமை சாயங்காலம் களைந்து ஊறப்போட்டார்.

ஞாயிறு விடிந்ததும் ஊறிய அரிசியை அதே தண்ணீரில் வேகவைத்தார். மணி வாய் திறந்து, கறுப்பு ஊதாவாக மாறும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை. மத்தால் பாதியை மசித்து, பாதியைப் பல்லுக்கு விட்டார். சர்க்கரை, தேங்காய்த் துருவல், ஏலம், நெய். வழக்கமாகக் குழைவாக இறக்கிக் கரண்டியால் அள்ளி வைப்பது. இன்றைக்கு மட்டும் சட்டியை விட்டுச் சுருண்டு வரும்வரை கிளறினார். கண்ணாடித் தட்டில் நெய் தடவி, கொட்டி, கரண்டியின் முதுகால் வட்டமாக நிரவினார். ஆறியதும் மேலே கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. ஒரு கல்யாண வீட்டுக்குத் தைரியமாக அனுப்பலாம்.

பிறகு கத்தியை எடுத்தார்.

"ண்ணே! குடுக்கப் போற பண்டத்துல கத்திய வைக்கிறீக!" பாண்டித்துரை ஓடி வந்தான்.

"தெரியும்பா."

"நாந்தேன் அன்னைக்கு அப்புடிச் சொன்னேன். நாயி கீயின்னு… வெளாட்டுக்குத்தேன் சொன்னேன்."

"சொன்னது உன் வாயி. கொட்டுனது என் கை" என்றார் ராக்கப்பன். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை.

கத்தி வட்டத்தின் நடுவில் நின்றது. இத்தனை வருஷத்தில் வருகிறவன் வாய்க்கு முன்னால் தன் வாயில் ஒரு பருக்கை போட்டதில்லை. வேகமாக அழுத்தினார். ஒரு துண்டு முக்கோணமாக வந்தது. அதை இரண்டாகப் பிட்டு, டிரிப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சாகிரைக் கூப்பிட்டுப் பாதியை அவன் கையில் வைத்தார்.

"இன்னிக்கு மொதப் பந்தி, மாப்ள."

சாகிர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். ராக்கப்பன் மீதிப் பாதியை நின்றபடியே வாயில் போட்டார். மென்றார். முகம் மாறியது.

"நெய் கூடிப்போச்சு."

"எப்பவும் கூடத்தேன் மாமா இருக்கும்" என்றான் சாகிர். "சொன்னாக் கோவிப்பீகன்னு சொல்றதில்ல."

பாண்டித்துரை சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெளியே ஓடினான். ராக்கப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. ருசி பார்த்திருந்தால் இது என்றைக்கோ தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அந்தத் துண்டு இருந்த இடம் வெறுமையாக, கத்திக் கீறலோடு, தட்டில் அப்படியே தெரிந்தது. அதை நிரவி மறைக்கக் கை பரபரத்தது. மறைக்காமல் அலுமினியத் தாளை மூடினார்.

சாகிரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் சைட்டில் இறக்கிவிட்டான். டிரெயினிங் கேபின் வாசலில் ராக்கப்பன் செருப்பைக் கழற்றினார். உள்ளே டென்னிஸ் பெல்ட்டுகளையும் ஹெல்மெட்டுகளையும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் நிமிர்ந்தார். செருப்பு வேண்டியதில்லை, போட்டுக்கொண்டே வரலாம் என்று கையைக் காட்டினார். இவர் போட்டுக்கொள்ளவில்லை.

"ஓ, தட்டா? அதற்காகவா வந்தீர்கள்? அவசரமே இல்லையே" என்ற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார் டென்னிஸ். இருவரையும் சங்கடத்திலிருந்து காப்பாற்ற அவரே ஏதாவது பேசிக்கொண்டிருப்பார் போலிருந்தது. கௌரிசங்கர் சொல்லிக்கொடுத்த ஒரு நீள வாக்கியம் ராக்கப்பனிடம் இருந்தது. வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். இப்போது அதில் ஒரு வார்த்தையும் வரவில்லை. அவர் தட்டை மேஜையில் வைக்காமல் இரண்டு கையாலும் நீட்டினார்.

தட்டின் கனத்தை உணர்ந்த டென்னிஸ் பேச்சை நிறுத்தினார். ஒரு கையைத் தட்டின் அடியில் கொடுத்துக்கொண்டு, மற்றதால் தாளின் ஓரத்தைத் தூக்கினார். ஊதாக் கறுப்பு வட்டம். ஒரு பக்கம் முக்கோணமாக ஒரு துண்டு இல்லை. அந்த இடத்தையே பார்த்தார். பிறகு தட்டைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். விரல் இடுக்குகளில் ஊதாக் கறை இருந்தது.

ராக்கப்பன் தலை நிமிரவில்லை. தரையில் கிடந்த ஒரு பெல்ட்டின் கொக்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"லெஃப்ட்ஓவர், சார்." தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார். "ஐ ஈட். மை வீட்டு ஆளு ஈட். திஸ்… யுவர்."

டென்னிஸ் தாளை விட்டுவிட்டு இரண்டாவது கையையும் தட்டின் அடியில் கொண்டுவந்தார். கண்ணாடித் தட்டை நான்கு கைகள் பிடித்திருந்தன. கனம் அந்தப் பக்கம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது தெரிந்த பிறகு, ராக்கப்பன் தன் கைகளை எடுத்தார்.